சிறப்புப் பள்ளி, பராமரிப்பு இல்லம் நடத்துவோருக்கு: அரசு மானியமும் வரவு செலவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளிகள் வந்துவிட்டன. இன்று நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மூன்று மாவட்டங்களிலும் டிரஸ்ட், சொசைட்டி, திருச்சபை, தனிக் குடும்பம் என்று பலரும் இத்தகைய பள்ளிகளையும் இல்லங்களையும் நடத்துகிறார்கள். பராமரிப்பில் கைதேர்ந்தவர்கள்கூடக் கணக்கில் தடுமாறுகிறார்கள். செயலாளர், பொருளாளர், கணக்கு எழுதுபவர் ஆகிய மூவரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

அரசு மானியம் எங்கள் உரிமையா, அரசின் விருப்பமா?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன் 55-ஆவது பிரிவு, பதிவு பெற்ற நிறுவனங்களுக்கு அரசு நிதியுதவி "வழங்கலாம்" என்கிறது. அதுவும் அரசின் பொருளாதாரச் சக்தியின் எல்லைக்குள். பதிவு இருப்பதாலேயே பணம் வந்துவிடாது. ஆனால் ஓர் ஆண்டுக்கான மானியத்தை ஆணையிட்டு அனுமதித்த பிறகு, அதில் எழுதிய நிபந்தனைகளை நீங்கள் நிறைவேற்றியிருந்தால் எழுத்து மூலம் கேட்க உங்களுக்கு முழு இடம் உண்டு. எனவே அலுவலகத்தில் பத்திரமாக இருக்க வேண்டிய முதல் தாள் அரசாணை அல்லது மாற்றுத்திறனாளிகள் நல ஆணையரின் செயல்முறை ஆணைதான். பல நிறுவனங்களில் அது இருப்பதில்லை. "பணம் வந்துச்சு, செலவு பண்ணிட்டோம்" என்ற அளவில்தான் கோப்பு இருக்கிறது. எந்தச் செலவினத்துக்கு எவ்வளவு, எத்தனை பேருக்கு என்பது அந்த ஆணையில்தான் இருக்கும். அது கையில் இல்லாமல் எழுதும் கணக்கு ஊகம்தான்.

என்னென்ன பதிவு வேண்டும்?

டிரஸ்ட் பத்திரமோ சொசைட்டி பதிவோ அடிப்படை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி சொசைட்டி தொடங்கக் குறைந்தது 7 பேர் வேண்டும். அதன் மேல் 2016 சட்டத்தின் 50, 51 பிரிவுகளின்கீழ் நிறுவனப் பதிவு. விண்ணப்பம் பெற்ற 90 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது சட்டம். புதுப்பிக்கும் விண்ணப்பம் காலாவதிக்குக் குறைந்தது 60 நாளுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். இந்த 60 நாளைத் தவறவிட்டு, இடையில் பதிவில்லாத ஓரிரு மாதம் விழுந்து, அந்த மாதங்களுக்கான மானியம் நிற்பதுதான் வழக்கமாக நடக்கும் விபத்து. காலாவதித் தேதிக்கு ஆறு மாதம் முன்பே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் தங்கினால் இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 41-ஆவது பிரிவின் பதிவையும் பார்க்க வேண்டும். பெண்கள், குழந்தைகள் விடுதிக்கு 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விடுதிகள் மற்றும் இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. மனநோய்க்கான இல்லம் என்றால் பாதையே வேறு, அது மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன்கீழ் வரும். அறிவுசார் குறைபாடும் மனநோயும் ஒன்றல்ல. இரண்டு வகையினரையும் ஒரே கூரையின்கீழ் ஒரே பதிவில் வைத்திருப்பது ஆய்வில் நிற்காது.

கட்டடத்துக்கு நான்கு தாள் கேட்பார்கள்: பொறியாளரின் கட்டட உறுதிச் சான்று, தாசில்தாரின் கட்டட உரிமம் (படிவம் டி), தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று. இது வீண் அலைக்கழிப்பு என்று அலுத்துக்கொள்பவர்கள் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியை நினைத்துக்கொள்ளலாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தனியார் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். நான்கு சான்றின் காலாவதியும் நான்கு வேறு தேதிகளில் வரும். ஒன்று தவறினாலும் மானியக் கோப்பு மேசையிலேயே கிடக்கும்.

எந்தெந்தத் திட்டங்களில் பணம் கிடைக்கும்?

மாநில மாற்றுத்திறனாளிகள் நலத்துறையில் மூன்று விதமான உதவியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, அரசு உதவி பெறும் சிறப்புப் பள்ளி. அனுமதித்த பணியிடங்களுக்கு அரசே சம்பளம் தரும். பழைய பள்ளிகள் பலவும் இந்த வகை. இரண்டாவது, தொண்டு நிறுவனப் பள்ளிகளிலும் இல்லங்களிலும் பணியாற்றும் சிறப்பாசிரியர், தசைப்பயிற்சியாளர் போன்றோருக்கான மதிப்பூதியம். மூன்றாவது, தங்கியிருப்போர் எண்ணிக்கையை வைத்துத் தரும் உணவூட்டு மானியமும் பராமரிப்புச் செலவும். ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள், 14 வயதுக்கு மேற்பட்ட அறிவுசார் குறைபாடுடையோர் இல்லங்கள் ஆகியவை கடைசி இரண்டும் கலந்த திட்டங்கள். உலக வங்கி உதவியுடன் நடக்கும் உரிமைகள் திட்டத்தின் 'விழுதுகள்' சேவை மையங்களில் தொண்டு நிறுவனம் ஒப்பந்த அடிப்படையில் பணி செய்யும். அதை மானியக் கணக்கோடு கலக்கக் கூடாது.

மத்திய அரசில் தீனதயாள் மறுவாழ்வுத் திட்டம் (டி.டி.ஆர்.எஸ்.) இருக்கிறது. திட்டச் செலவில் அதிகபட்சம் 90 சதவீதம்வரை. மீதியை நீங்கள் போட வேண்டும், போட்டதைக் காட்டவும் வேண்டும். விண்ணப்பம் இ-அனுதான் தளத்தில், மாநிலத்தின் பரிந்துரையோடு. தர்ப்பண் எண் (நிதி ஆயோக் தளத்தில் தொண்டு நிறுவனங்களுக்குத் தரும் எண்) இல்லாமல் தளத்துக்குள் நுழையவே முடியாது. 1999-ஆம் ஆண்டின் நேஷனல் டிரஸ்ட் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும். அதன் திட்டங்களுக்குத் தனிப் பதிவு.

எம்.பி., எம்.எல்.ஏ. தொகுதி நிதி கட்டடம், வாகனம் போன்ற நிலைச் சொத்துக்குத்தான். சம்பளத்துக்கும் அரிசிக்கும் அங்கே மனு கொடுப்பது நேர விரயம்.

பணம் எந்த வழியாக வருகிறது? ஏன் இவ்வளவு தாமதம்?

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் ஆய்வு செய்து பரிந்துரைப்பார். சென்னை ஆணையரகம் ஒப்புதல் தரும். மாநில வரவுசெலவில் 2235-02-101 என்ற தலைப்பின்கீழ் வரும் ஒதுக்கீட்டிலிருந்து, மாவட்ட அலுவலகம் கருவூலத்தில் பட்டியல் (பில்) போடும். பிறகு உங்கள் வங்கிக் கணக்கில் வரவாகும். இந்தப் பாதையில் தாமதம் அதிகமாகத் தொடங்கும் இடம் நிறுவனத்தின் மேசைதான். போன ஆண்டின் பயன்பாட்டுச் சான்றிதழ், அதாவது எல்லாரும் யுசி என்று சொல்வது, ஆடிட்டரிடமே கிடக்கும். அது போகாமல் அடுத்த தவணைக்குக் கோப்பு நகராது.

அடுத்தது பெயர்க் குழப்பம். டிரஸ்ட் பத்திரத்தில் ஒரு பெயர், பான் அட்டையில் 'டிரஸ்ட்' என்ற சொல் விட்டுப்போன பெயர், வங்கியில் பள்ளியின் பெயர், 2016 சட்டப் பதிவில் இல்லத்தின் பெயர். கருவூலமும் மத்திய அரசின் பணப்பட்டுவாடாத் தளமான பி.எஃப்.எம்.எஸ்.-உம் எழுத்துக்கு எழுத்து பார்க்கும், பட்டியல் திரும்பி வரும். நான்கு ஆவணங்களையும் ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாட்டைத் திருத்த மார்ச் மாதம் ஏற்றதல்ல. அந்த மாதம் 31-ஆம் தேதியோடு ஒதுக்கீடு காலாவதியாகிவிடும்.

திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலக மனு நாளில் போய் மனுக் கொடுப்பது கோப்பு எங்கே நிற்கிறது என்று அறிய உதவும். ஆணையரகத்தில் நிதி ஒதுக்கீடே வராவிட்டால் அந்த மனுவால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

அப்படியானால் கையில் எவ்வளவு இருப்பு வைத்திருக்க வேண்டும்?

மானியம் பெரும்பாலும் வந்து சேர்ந்துவிடும், எந்த மாதம் வரும் என்பதைத்தான் யாராலும் சொல்ல முடியாது. ஆண்டு பட்ஜெட்டைப் பார்த்து நிம்மதியாக இருப்பவர்கள் இதனால்தான் ஜூலையில் கடன் வாங்குகிறார்கள். ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். தொகைகள் கணக்குக்காக மட்டும்.

40 பேர் தங்கும் இல்லம். உணவு தலைக்கு நாளொன்றுக்கு 90 ரூபாய் என்றால் 30 நாளுக்கு ரூ.1,08,000. சம்பளமும் மதிப்பூதியமும் ரூ.1,90,000. மின்சாரம், கேஸ், மருந்து, டயப்பர், வண்டி, பழுதுபார்ப்பு எல்லாம் சேர்த்து ரூ.62,000. ஆக மாதம் ரூ.3,60,000, ஆண்டுக்கு ரூ.43,20,000. நன்கொடையாக மாதம் சராசரி ரூ.1,60,000 வருகிறது. ஆண்டு மானியம் ரூ.24,00,000, இரண்டு தவணை. காகிதத்தில் வரவும் செலவும் நூல் பிடித்ததுபோல் சமம்.

ஆனால் மாதாமாதம் ரூ.2,00,000 துண்டு விழுகிறது. முதல் தவணை செப்டம்பர் கடைசியில் வந்தால் அதற்குள் ரூ.12,00,000 பள்ளம். நவம்பர் கடைசிக்குத் தள்ளிப்போனால் ரூ.16,00,000. இந்தத் தொகைதான் உங்களுக்குத் தேவையான சுழல் இருப்பு. நிரந்தர வைப்பாகப் போட்டாலும் உடைக்கக்கூடிய வைப்பாக இருக்கட்டும். இவ்வளவு இல்லாத நிறுவனம், மானியத்தை நம்பிப் புதிதாக 10 பேரைச் சேர்க்கக் கூடாது. கதவைத் தட்டி வருபவரைத் திருப்பி அனுப்ப மனம் வராதுதான். அதற்கான பணத்தை நன்கொடையில் காட்ட முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.

செயலாளர் கைப்பணம் போட்டுச் சமாளிக்கிறார். அது சரியா?

செய்யலாம், ஆனால் கடன் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வங்கி வழியாக மட்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. நிர்வாகிக்கு வட்டி கொடுப்பதென்றால் சந்தை அளவை மீறக் கூடாது. நன்கொடை என்று ரசீது போட்டுவிட்டு மானியம் வந்ததும் திருப்பி எடுப்பது மிக மோசமான வழி. அறங்காவலர் டிரஸ்டிலிருந்து ஆதாயம் எடுத்ததாக அது பார்க்கப்படும்.

உணவூட்டு மானியத்தில்தான் எப்போதும் ஆட்சேபணை வருகிறது. ஏன்?

ஆய்வுக்கு வருபவர் இரண்டு பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்: வருகைப் பதிவேடும் இருப்புப் பதிவேடும். நிறுவனங்கள் இரண்டையும் வேறுவேறு ஆட்களிடம் விட்டிருக்கும். ஆசிரியை வருகை எடுப்பார். சமையல்கார அக்கா சொல்லச் சொல்ல வார்டன் மாதக் கடைசியில் ஒரே உட்காரலில் இருப்புப் பதிவேட்டை எழுதுவார், ஒரே பேனாவில்.

உதாரணம்: தலைக்கு நாளொன்றுக்கு அரிசி 400 கிராம், பருப்பு 60 கிராம், எண்ணெய் 25 கிராம் என்று உங்கள் உணவுப் பட்டியல் சொல்கிறது. 40 பேருக்கு அரிசி 16 கிலோ, பருப்பு 2.4 கிலோ, எண்ணெய் 1 கிலோ. தீபாவளிக்கு முந்தின நாள் 18 பேரைப் பெற்றோர் கூட்டிக்கொண்டு போயாயிற்று. வருகைப் பதிவேட்டில் 22 பேர்தான். அன்றைக்கு அரிசி 8.8 கிலோ வந்திருக்க வேண்டும். இருப்புப் பதிவேட்டில் வழக்கம்போல் 16 கிலோ வழங்கியதாக இருக்கிறது. ஒரு நாள் பிசகு என்று அதிகாரி விடமாட்டார், விடவும் கூடாது. மாதம் முழுக்க எழுதியதெல்லாம் கற்பனை என்ற முடிவுக்கு வருவார். 7 கிலோ அரிசிக்காகத் தவணையே நின்றுபோகும்.

சரியான முறை எளிது. காலை 9 மணிக்கு வருகை எடுத்ததும் எண்ணிக்கையைச் சமையலறைப் பலகையில் எழுதுங்கள். அந்த எண்ணை வைத்துத்தான் அரிசி அளக்க வேண்டும். அளந்ததும் அப்போதே பதிவேட்டில் ஏற்றி, வழங்கியவரும் பெற்றவரும் கையொப்பமிட வேண்டும். வாரம் ஒருமுறை மூட்டையை எடைபோட்டுப் பதிவேட்டு இருப்போடு ஒப்பிடுங்கள். ஈரம், சிந்தல், எலி என்று சிறு குறைவு வரும். அதையும் மறைக்காமல் 'குறைவு' என்று எழுதுங்கள். ஒரு கிராம்கூடப் பிசகாத பதிவேட்டை யாரும் நம்புவதில்லை.

வருகைப் பதிவேட்டில் ஒவ்வொருவரின் பெயருக்கும் எதிரே யு.டி.ஐ.டி. எண் (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எண்) இருக்கட்டும். அட்டையில் பெயரின் எழுத்தமைப்பு எப்படியோ பதிவேட்டிலும் அப்படியே. இறந்தவர், வீடு திரும்பியவர் பெயர்களை அன்றைய தேதியிட்டு நீக்குங்கள். மானியத்துக்கு உரியவர் எண்ணிக்கை இந்தப் பதிவேட்டிலிருந்துதான் எடுக்கப்படும்.

பிறந்தநாள், நினைவு நாள், ஆடி அமாவாசைக்குச் சாப்பாடு போடுகிறார்கள். அதை எப்படிக் கணக்கில் எடுப்பது?

நம் பக்கத்தில் இது நிறைய நடக்கும். மதியச் சாப்பாடு நன்கொடையாளர் தந்தால் அன்றைய மதியத்துக்கான அரிசி வழங்கல் 'இல்லை' என்று இருக்க வேண்டும். நன்கொடையாளர் பெயர், எத்தனை பேருக்கு, சமைத்ததா மளிகையா என்று தனிப் பதிவேட்டில் எழுதுங்கள். மளிகையாகக் கொடுத்தால் இருப்பில் வரவு வையுங்கள். அதே மதியத்தை மானியச் செலவிலும் காட்டினால் ஒரே சாப்பாட்டுக்கு இரண்டு முறை பணம் வாங்கியதாகும். பணமாகக் கொடுத்தால் ரசீது. பொருளாகக் கொடுத்ததற்கு 80ஜி வரிச்சலுகை கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிறகு மனக்கசப்பு வேண்டாம்.

மதிப்பூதியம் பெறும் ஆசிரியர் விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

சிறப்பாசிரியருக்கு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு நடப்பில் இருக்க வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு இல்லாதவர் மறுவாழ்வு வல்லுநராகப் பணிசெய்ய முடியாது. பதிவு காலாவதியான மாதங்களின் மதிப்பூதியம் பிடிக்கப்படலாம். பணியாளர் கோப்பின் முதல் பக்கத்திலேயே காலாவதித் தேதியைப் பென்சிலால் எழுதிவையுங்கள்.

பணம் அவரவர் வங்கிக் கணக்குக்குத்தான். ஆணையில் உள்ள முழுத் தொகையையும் கொடுங்கள். முழுத் தொகையைக் கணக்கில் போட்டுவிட்டு ஒரு பகுதியை 'நன்கொடை'யாகத் திருப்பி வாங்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது குற்றம், வேறு பெயர் கொடுக்க ஒன்றுமில்லை.

ஒரே ஆசிரியரின் பெயரை மாநில மதிப்பூதியத்திலும் டி.டி.ஆர்.எஸ். பட்டியலிலும் காட்டக் கூடாது. ஒரு கம்பெனியின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு நிதி) பணத்தில் சம்பளம் வாங்குபவருக்கும் இதே விதி. ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் ஒன்றாக இருப்பதால் கண்டுபிடிப்பது இப்போது சுலபம்.

பி.எஃப்., இ.எஸ்.ஐ.க்கான நிறுவனப் பங்கு மதிப்பூதிய ஆணையில் பெரும்பாலும் இருக்காது. அது உங்கள் பணத்திலிருந்து போக வேண்டும், பட்ஜெட்டில் தனி வரியாகப் போடுங்கள். பி.எஃப்.-ஐப் பொறுத்தவரை "எங்களிடம் 20 பேர் இல்லை" என்பவர்கள் பள்ளி, இல்லம், தொழிற்பயிற்சிக்கூடம் மூன்றையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே டிரஸ்ட் என்றால் தலைகளும் ஒன்றாகவே எண்ணப்படும்.

யுசியில் என்னென்ன தவறு வருகிறது?

மத்திய மானியத்துக்குப் பொது நிதி விதிகள் 2017-இன் படிவம் 12-ஏ. நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் என்பது வெளி எல்லை. அடுத்த தவணை வேண்டுமென்றால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. மாநில மானியத்துக்கு ஆணையோடு வரும் படிவம்.

ஆடிட்டர் சான்றில் யு.டி.ஐ.என். எண் (ஆடிட்டர் தரும் ஒவ்வொரு சான்றுக்கும் உரிய தனி எண்) இல்லாவிட்டால் திரும்பும். தொடக்க இருப்பு, போன ஆண்டு யுசியின் இறுதி இருப்போடு ஒத்துப்போகாவிட்டாலும் திரும்பும். இரண்டாவதற்குக் காரணம் பெரும்பாலும் வட்டி: சேமிப்புக் கணக்கில் வந்த வட்டியை யாரோ ஓர் ஆண்டு சேர்த்திருப்பார், மறு ஆண்டு சேர்த்திருக்க மாட்டார். செலவை இனவாரியாகப் பார்ப்பார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. உணவுக்கு வந்ததில் மிச்சம் பிடித்துக் கூரை ஒழுகலைச் சரிசெய்திருந்தால், செலவு நியாயமானதுதான், ஆனால் யுசியில் அது தள்ளுபடி. முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேட்டிருக்க வேண்டும்.

ஒவ்வொரு மானியத்துக்கும் தனி வங்கிக் கணக்கு, டேலி கணக்கு மென்பொருளில் தனிச் செலவு மையம். வவுச்சரின் மேல் எந்த மானியத்தில் செலவு என்று முத்திரை குத்துங்கள். இந்த முத்திரை குத்திவிட்டால் ஒரே பில்லை இரண்டு இடத்தில் காட்டும் பிழை தானாகவே நின்றுவிடும். மானியத்தில் வாங்கிய பொருளைத் தனிச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள். அரசின் அனுமதியில்லாமல் விற்கக் கூடாது, பழைய வீல் சேராக இருந்தாலும்.

மிச்சப் பணத்துக்கும் வட்டிக்கும் என்ன செய்வது?

மத்திய மானியத்தின் வட்டி அரசுக்குத் திரும்ப வேண்டும், பாரத்கோஷ் தளம் வழியாகச் செலுத்தலாம். செலவாகாத மானியத்தை வருமானமாகக் காட்டாதீர்கள். இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புப் பக்கம் 'செலவாகாத மானியம்' என்று நிற்கட்டும்.

இல்லத்தில் இருப்பவரின் உதவித்தொகையை இல்லச் செலவுக்கு எடுக்கலாமா?

கூடாது. மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை அந்த நபருக்கு உரியது. பாஸ்புக்கும் ஏ.டி.எம். அட்டையும் கட்டுக்கட்டாக அலுவலக அலமாரியில் இருப்பதே ஆய்வில் கேள்வியாகும். இல்லத்தில் தங்கி மானியமும் பெறுபவருக்கு அந்த உதவித்தொகை தொடருமா என்பதை மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பெற்றோரிடம் கட்டணம் வாங்கினால் ரசீது போட்டு, மானிய ஆணை அதை அனுமதிக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். நேஷனல் டிரஸ்டின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ரூ.1 லட்சம்வரை அவரவர் சிகிச்சைக்கு. இல்லத்தின் மருந்துச் செலவைக் குறைக்க இதுவே நேர்மையான வழி. தெரிந்தும் சேர்க்காமல் இருப்பவர்கள் அதிகம்.

வருமான வரியில் எங்கே சிக்குகிறோம்?

பதிவுள்ள அறநிறுவனம் ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட்டிருக்க வேண்டும். உண்மையில் கொடுத்த பணம்தான் செலவு. மார்ச் சம்பளத்தை 'கொடுக்க வேண்டியது' என்று எழுதிவைத்தால் அந்த ஆண்டில் எடுபடாது. இரண்டாவது தவணை மார்ச் 28-இல் வந்து விழும்போது 85 சதவீதம் எட்டாது. அதற்கு அடுத்த ஆண்டில் செலவிடும் விருப்பத்தைத் தெரிவிக்கும் படிவம் உண்டு. காலக்கெடுவுக்குள் தாக்கல் செய்ய ஆடிட்டரிடம் ஏப்ரலிலேயே சொல்லுங்கள். ஒருவருக்கு ஒரே நாளில் ரூ.10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவும் ஏற்கப்படாது. காய்கறி மண்டி, விறகு, கட்டட வேலை மூன்றிலும் இது அடிக்கடி நடக்கிறது.

2026 ஏப்ரல் 1 முதல் 1961 சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வந்ததால், பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறின. பழைய கடிதத் தாளில் 12ஏ, 80ஜி என்று அச்சிட்டிருப்பவர்கள் ரசீது வாசகத்தை ஆடிட்டரிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

டீக்கடையில் கியூஆர் அட்டை வைத்து நன்கொடை வாங்கலாமா?

வாங்கலாம். பெயர், முகவரி இல்லாத நன்கொடை ஓர் அளவைத் தாண்டினால் 30 சதவீத வரி உண்டு. அந்த அளவு மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது ரூ.1 லட்சம், இரண்டில் எது கூடுதலோ அது. யு.பி.ஐ. வரவில் வரும் பெயரை மட்டும் நம்பாமல், ஒரு எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் விவரம் அனுப்பச் சொல்லி அட்டையிலேயே எழுதுங்கள். வரிச்சலுகைச் சான்றிதழ் கேட்பவர்களிடம் பான் எண் கட்டாயம் வாங்குங்கள். ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்குச் சலுகை இல்லை.

வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரர் பணம் அனுப்புகிறார். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டுமா?

மேலப்பாளையம், கடையநல்லூர் போன்ற பல ஊர்களில் எழும் கேள்வி. அவர் இந்தியக் குடிமகனாகவே இருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. பாஸ்போர்ட் நகல் ஒன்றைக் கோப்பில் வையுங்கள். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற மைத்துனர், ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கான அட்டை) வைத்திருந்தாலும், வெளிநாட்டவர்தான். அவரிடமிருந்து எஃப்.சி.ஆர்.ஏ. பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவு உள்ளவர்கள் முதலில் புதுதில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் பெற வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்கவும் 2020-க்குப் பிறகு வழியில்லை.

சி.எஸ்.ஆர். பணத்தை நம்பலாமா?

சிறப்புக் கல்வியும் மாற்றுத்திறனாளிகளின் தொழிற்பயிற்சியும் கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இருக்கின்றன. கூடங்குளம் அணுமின் நிலையம், கங்கைகொண்டான் சிப்காட் ஆலைகள் என்று கேட்க இடமும் நம் பக்கத்தில் உண்டு. சி.எஸ்.ஆர்.-1 பதிவு முன்னதாக வேண்டும். ஆனால் கம்பெனிகளுக்கு வேன், சோலார், தசைப்பயிற்சிக் கருவி போன்றவை பிடிக்கும், சமையல்காரர் சம்பளம் பிடிக்காது. வேன் வந்தால் ஓட்டுநர், டீசல், எஃப்.சி., காப்பீடு யார் தருவார் என்று கணக்குப் போட்ட பிறகே வாங்குங்கள். ஷெட்டில் நிற்கும் வேனும் செலவு வைக்கும்.

அலுவலகம் பாளையில், இல்லம் ஆலங்குளத்தில். எந்த மாவட்டத்தில் விண்ணப்பிப்பது?

2019 நவம்பர் 22 முதல் ஆலங்குளம் தென்காசி மாவட்டம். சேவை நடக்கும் இடம்தான் கணக்கு, எனவே தென்காசி மாவட்ட அலுவலகம். பழைய பதிவுச் சான்றில் 'திருநெல்வேலி மாவட்டம்' என்று இருந்தால் புதுப்பிக்கும்போது முகவரியைத் திருத்திக்கொள்ளுங்கள்.

பழைய வவுச்சர்களை எத்தனை நாள் வைத்திருப்பது? வெள்ளத்தில் போனால்?

மானியத் தணிக்கை எப்போது வரும் என்று சொல்ல முடியாததால், ஆட்சேபணை எல்லாம் தீர்ந்ததற்கான கடிதம் கையில் வரும்வரை. 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது, அலமாரியின் கீழ்த்தட்டுக் கோப்புகள்தான் எங்கும் முதலில் போயின. கீழ்த்தட்டில் துணி, பாத்திரம் வையுங்கள். ஆணைகள், யுசி நகல்கள், பதிவுச் சான்றுகளை ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். ஆவணம் அழிந்தால் கிராம நிர்வாக அலுவலர் சான்றும் புகைப்படமும் எடுத்து உடனே துறைக்கு எழுதிவிட வேண்டும். ஆய்வின்போது சொல்லும் வெள்ளக் கதை எடுபடாது.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு வந்திருக்கிறது. பதில் சொல்ல வேண்டுமா?

அரசு நிதியில் கணிசமாக இயங்கும் தொண்டு நிறுவனம் அந்தச் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்திருக்கிறது. வரவு செலவைக் கொடுங்கள். தங்கியிருப்போரின் மருத்துவ விவரங்களைக் கொடுக்காதீர்கள்.

பதிவையே ரத்து செய்வதாக நோட்டீஸ் வந்தால்?

உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தராமல் ரத்து செய்ய முடியாது (பிரிவு 52). குறிப்பிட்ட ஒவ்வொரு குறைக்கும் தனித்தனியே, ஆவண எண்ணோடு பதில் எழுதுங்கள். நேரில் கொடுத்துத் தேதி முத்திரையோடு நகல் வாங்குங்கள். ரத்து ஆணை வந்தால் 53-ஆவது பிரிவின்படி மேல்முறையீடு உண்டு. மேல்முறையீட்டிலும் ரத்து உறுதியானால் அந்த ஆணைத் தேதியிலிருந்து இல்லம் இயங்கக் கூடாது. தங்கியிருப்பவர்களைப் பெற்றோர், துணைவர், சட்டப்பூர்வப் பாதுகாவலரிடமோ வேறு பதிவு பெற்ற இல்லத்திடமோ ஒப்படைக்க அதிகாரி உத்தரவிடலாம். எனவே ஒவ்வொருவரின் குடும்ப முகவரி, யு.டி.ஐ.டி. நகல், மருந்துச் சீட்டு மூன்றும் ஒரே உறையில் எப்போதும் தயாராக இருக்கட்டும்.